தபால்காரர் லென்னியின் இடது கால்

"முழுசா வேணுமா, சுருக்கமாவா?" என்று கேட்கிறார் ஆம்ப்ரோஸ் ஹெஸ்கெத்.

"முழுசாவே சாவு ராசா. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்கிறாள் ரொட்டிக் கடை வரிசையில் பின்னால் நிற்கும் அம்மாள்.

உடனே அவர் தம் பையை என் கையில் திணித்துவிட்டு, இல்லாத ஏணியில் இரண்டு படி ஏறுகிறார். இல்லாத பூனையை எட்டிப் பிடிக்கிறார். கால் வழுக்குகிறது. இரண்டு கையாலும் காற்றைத் துழாவி, அடுக்கி வைத்த ரொட்டித் தட்டு ஒன்றின் மீதும் படாமல், தரையில் பக்கவாட்டாகச் சரிகிறார். "தொபுக்" என்று வாயாலேயே ஒரு சத்தம். பிறகு கன்னத்தை உப்பி மூன்று குமிழிகள் விடுகிறார். மூன்றாவது குமிழி உடைந்ததும் வரிசை மொத்தமும் கைதட்டுகிறது.

"எந்திரி ஆம்ப்ரோஸ், வழியில கெடக்காத" என்று கல்லாவிலிருந்து எதல் சொல்கிறாள். அவள் இந்தச் சாவை வாரத்துக்கு மூன்று முறை பார்ப்பவள்.

வடக்கு இங்கிலாந்தே இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கும் ஏழரை மணித் தொடரில், ஆம்ப்ரோஸ் பதினோரு வருஷம் தபால்காரர் லென்னியாக இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கதை எழுதுகிறவர்களுக்கு என்ன தோன்றியதோ, லென்னியை ஏணியிலிருந்து கால்வாயில் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் சௌத்போர்ட்டில் அவர் தெருவில் இறங்கினால் யாராவது வந்து துக்கம் விசாரிப்பார்கள். ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொண்டாட்டி ஆறே மாசத்துல அந்தக் கறிக்கடைக்காரனைக் கட்டிக்கிட்டாளே, எனக்கு மனசே ஆறல" என்றார். "எனக்கும்தான் ஐயா" என்றார் ஆம்ப்ரோஸ். பக்கத்தில் நின்ற அவருடைய நிஜ மனைவி டிலிஸ், "இருபத்தெட்டு வருஷமா இந்த மனுஷனோட குடும்பம் நடத்தறேன். எனக்கு ஒருத்தரும் ஆறுதல் சொன்னதில்ல" என்றாள்.

கடற்கரையை ஒட்டிய எங்கள் எம்ப்ரஸ் அரங்கில் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடுவதுதான் பத்தொன்பது வருஷமாக என் வேலை. என் பெயர் தேன்மொழி. ஆம்ப்ரோஸ் அதை மூன்று நாள் வாயில் போட்டு மென்று பார்த்தார். நாலாம் நாள் கடைசித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு "மோலி" என்றார். இப்போது பின்வாசல் பெயர்ப் பலகையிலும் நான் மோலிதான்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஓல்டாமில் கசாப்புக் கடை வைத்திருந்தவரின் மகன். பதினேழாம் வயதில் மேடை ஏறினார், இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் துணிப் பசுமாட்டின் பின்னங்கால்களாக. "முன்னங்காலா இருந்தவன் தெனமும் அவிச்ச பட்டாணி தின்னுட்டு வருவான் மோலி. என் மூஞ்சி எங்க இருந்துச்சுன்னு நீயே யோசிச்சுக்கோ. மூச்சை அடக்கறதை நான் அங்கதான் கத்துக்கிட்டேன்" என்பார். அந்த வித்தை வீண் போகவில்லை. பின்னாளில் துப்பறியும் தொடர்களில் பதினான்கு முறை பிணமாகக் கிடந்தார். நூலகத்தில், ரோஜாத் தோட்டத்தில், ஒருமுறை ஐஸ்கிரீம் வண்டிக்குள். மார்பு அசையாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்குவார். "அந்த நல்ல பிணத்தைக் கூப்பிடு" என்று இயக்குநர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

சினிமாவும் உண்டு, ஒன்பது படங்கள். ஆறில் அவர் முதுகு தெரியும். ஒரு ராஜா படத்தில் கோட்டைச் சுவரிலிருந்து செத்து விழுந்தார். விழுந்தது பிடித்துப்போய், மீசையை மாற்றி எதிரிப் படையிலும் விழச் சொன்னார்கள். ஒரு காதல் படத்தில் கதாநாயகியின் முகத்தை ஏந்தும் கைகள் இவருடையவை. கதாநாயகன் நகம் கடிக்கிறவனாம். டிலிஸுக்கு அந்தப் படம் மட்டும் பிடிக்காது.

குளிர்காலம் வந்தால் அவர் எங்கள் அரங்கின் ஜாம் அத்தை. கிறிஸ்துமஸ் கூத்தில் அத்தை வேஷத்துக்கு ஆண்பிள்ளைதான் வேண்டும். உண்மையான பெண்பிள்ளையை ஏற்றினால் குழந்தைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்று வளையம் வைத்த பாவாடை, பூசணிக்காய் அளவு மார்பு, கால்வரை ரிப்பன். மாடிப்படியின் கைப்பிடியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வருவார். முட்டிகள் இரண்டுக்கும் பெயர் வைத்திருக்கிறார். இளவயதில் அவரை ஏசி எழுதிய இரண்டு பத்திரிகை விமர்சகர்களின் பெயர்கள். "ரெண்டு பேரும் இன்னும் என்னை விட்டபாடில்ல" என்று தேய்த்துக்கொள்வார். அடுத்த குளிர்காலத்துக்கு இந்த முட்டிகளை நம்பாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன டிசம்பரில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே, அவருக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜெண்ட் பிலிப்பா லண்டனிலிருந்து கூப்பிட்டாள்.

"டார்லிங், உக்காந்திருக்கீங்களா? லென்னிக்கு ஒரு இரட்டைத் தம்பி வர்றான். இத்தனை வருஷமும் கனடாவுல இருந்தானாம். நாலு வருஷத்துக்கு நிச்சயமான வேலை."

ஆம்ப்ரோஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். வளையப் பாவாடையோடு அப்படி உட்காரக் கூடாது. முன்பக்கம் விருட்டென்று எழும்பி முகத்தை மூடியது. ரிப்பன்களுக்குள்ளிருந்து, "நெசமாவா?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஒரு ஆடிஷன் இருக்கு. சும்மா சம்பிரதாயத்துக்கு. உங்களை விட்டா வேற யாரு?"

பாவாடையை அமுக்கி அவரை வெளியே எடுத்தேன். கண்மை ஓடியிருந்தது. "மோலி, ஒம்பது வருஷமா எல்லாரும் எனக்குத் துக்கம் விசாரிக்கிறாங்க. திரும்பி வான்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார்.

ஆடிஷன் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மான்செஸ்டரில். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் காட்சி. டிலிஸுக்குப் பள்ளியில் வேலை இருந்ததால் என்னை அனுப்பினாள். "ரெண்டு மணிக்குள்ள அவரைப் பாவாடைக்குள்ள கொண்டுவந்து சேர்த்துடு. வழியில யார்கிட்டயும் பேச விடாத" என்றாள். முதல் பாதியை என்னால் செய்ய முடிந்தது.

காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். ஆறு லென்னிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் வைக்கோல் நிற மீசை, தோளில் தபால் பை. மேசைக்குப் பின்னாலிருந்த பெண் "லென்னி?" என்றதும் ஆறு பேரும் எழுந்தார்கள். ஏழாவதாக எங்கள் ஆளும் கை தூக்கினார்.

"மோலி, நான் எத்தனை பேரு பாரேன்" என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். வேறொருவராக இருந்தால் வயிறு எரிந்திருக்கும். இவர் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு போனார்.

ஜன்னலோரம் இருந்தவன் கிளைவ் ராம்ஸ்டன். போல்டன்காரன், நாற்பத்தைந்து வயசு இருக்கும். கல்யாணங்களிலும் கிளப்புகளிலும் லென்னி மாதிரி நடந்து காட்டிப் பிழைப்பவன். ஆம்ப்ரோஸைப் பார்த்ததும் வெளுத்துப் போனான்.

"ஐயா, நீங்களா? உங்களை மாதிரி நடந்துதான் ஐயா என் வீட்டுல அடுப்பு எரியுது. நீங்க வந்தப்புறம் எனக்கென்ன வேலை, நான் கெளம்பறேன்."

"கெளம்பறதுக்கு முன்னாடி ஒருதரம் நடந்து காட்டு" என்றார் ஆம்ப்ரோஸ்.

கிளைவ் ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தான். ஆம்ப்ரோஸின் புருவம் மேலேறியது. அந்தப் புருவம் ஏறினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆம்ப்ரோஸ், வேணாம்."

"ஒரே ஒரு விஷயம் மோலி." அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். "தம்பி, இடது காலை நொண்டற. அது நொண்டல் இல்ல, வெக்கம். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும், உள்ள வாங்கன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு லென்னிக்கு ஒரு ஆசை. சொல்ல மாட்டாங்கன்னும் தெரியும். அந்த ரெண்டும் சேர்ந்து இடது கால்ல நிக்குது. இப்ப நட."

இருபது நிமிஷம் நடந்தது அந்தப் பாடம். மற்ற ஐந்து லென்னிகளும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி இடம் விட்டார்கள். ஆறாவது தடவை கிளைவ் நடந்தபோது என் கையில் மயிர் கூச்செறிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் கால்வாயில் முங்கிப்போனவன் எங்கள் கண்முன்னால் அறையைக் கடந்து போய்க் கதவருகில் தயங்கி நின்றான். எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் ஆம்ப்ரோஸ்.

தம் முறை முடிந்து அவர் வெளியே வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். "சிரிச்சாங்க மோலி. ரெண்டு எடத்துல." ரயிலில் வரும்போது எதிரே இருந்த தம்பதிக்கு ஒரு சுருக்கச் சாவு போட்டுக் காட்டினார். ஒன்றே முக்காலுக்கு அவரைப் பாவாடைக்குள் இறக்கினேன்.

இடைவேளையில் பிலிப்பா கூப்பிட்டாள். ஆரஞ்சுக் கொண்டையின் அகலத்துக்குப் போன் அவர் காதுவரை போகாது. மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டேன்.

"டார்லிங், உங்களை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததாம்." அவள் மூச்சு விட்டாள். "ஆனா லென்னி மாதிரி இல்லையாம்."

"யாரு மாதிரி இல்லையாம்?"

"லென்னி மாதிரி. உங்களுக்கு வயசாயிடுச்சு, எளைச்சிட்டீங்க. ஜனங்க மனசுல இருக்கிற லென்னி வேறயாம். கிளைவ்னு ஒருத்தர் வந்தாராம், அச்சு அசல் லென்னியாம். முக்கியமா அந்த இடது கால்…"

ஆம்ப்ரோஸிடமிருந்து முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மூன்று வளையங்களும் மணியடிப்பதுபோல ஆட ஆரம்பித்தன. பூசணி மார்பு ஒன்று இடம் மாறி அக்குளுக்குப் போனது. அதைப் பார்த்து நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "டார்லிங், அழறீங்களா?" என்று பிலிப்பா கேட்கக் கேட்க எங்கள் இருவருக்கும் மூச்சே போய்விட்டது.

சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் அவரிடம் கொஞ்சம் ஓடியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தார். "பவுடர் போடு மோலி, மூக்கு கரைஞ்சிடுச்சு" என்றார்.

"ஏன் அவனுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"தப்பா நடந்தான் கண்ணு. லென்னி தப்பா நடக்கறப்ப நான் எப்படிப் பார்த்துட்டு இருக்கறது?"

டிலிஸுக்குப் போனில் செய்தி சொன்னார். அவள், "சரி, வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றாள். இரண்டாம் பாதியில் மாடிப்படியை ஒருமுறைக்கு மூன்று முறை சறுக்கினார். பால்கனிவரை குழந்தைகள் எழுந்து நின்று கத்தின.

தொடரில் கிளைவ் வந்து இரண்டு வாரமாகிறது. ஒவ்வொரு முறை முடிந்ததும் ஆம்ப்ரோஸ் அவனுக்குப் போன் போடுகிறார். "கதவைத் தட்டறப்ப அவசரப்பட்டுட்ட" என்பார். கிளைவ் மறுபக்கம் "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று எழுதிக்கொள்கிறானாம். தெருவில் துக்கம் விசாரிப்பு நின்று வாழ்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "உன் தம்பி வந்துட்டானாமே" என்கிறார்கள். "ஆமாம்மா, வீட்டுல எல்லாருக்கும் ஒரு நிம்மதி" என்கிறார்.

போன சனிக்கிழமை கூத்தின் கடைசி மதியக் காட்சி. முடிந்து, முகம் கழுவி, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார், பின்னால் நானும். வெளியே சாய்மழை. ஆறு வயசுக்காரி ஒருத்தி, சிவப்பு ரப்பர் பூட்ஸோடு, அப்பாவின் குடைக்கடியில் நின்றிருந்தாள். ஒரு கையில் நிகழ்ச்சித் தாள், இன்னொன்றில் பச்சைக் கலர் பென்சில்.

"யாருன்னு தெரியுதா? தபால்காரர் லென்னி" என்று அப்பா கிசுகிசுத்தார்.

சிறுமி ஆம்ப்ரோஸைத் தாண்டிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஜாம் அத்தை எங்க?"

அப்பா விளக்க வாயெடுத்தார். ஆம்ப்ரோஸ் அவர் கையைத் தட்டித் தடுத்தார். "அத்தை உள்ள இருக்காங்க. நில்லு கண்ணு, கூட்டிட்டு வரேன்" என்றார்.

என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி என் அறைக்கு வந்தார். நான் கழுவி, சீவி, பெட்டியில் கட்டி வைத்திருந்த ஆரஞ்சு நிறக் கொண்டையைக் கேட்காமல் எடுத்துத் தலையில் கவிழ்த்தார். கண்ணாடி பார்க்காமலே உதட்டில் சிவப்பை ஒரு இழுப்பு இழுத்தார். "ஈரமாயிடும், ஆம்ப்ரோஸ்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அதற்குள் அவர் படியிறங்கி மழைக்குள் போய், மழைக்கோட்டின் இரண்டு ஓரங்களையும் விரல் நுனியால் பிடித்து, மூன்று வளையப் பாவாடையை விரிப்பதுபோல விரித்து, அவளுக்கு மட்டும் தலை தாழ்த்திக்கொண்டிருந்தார்.