முழங்கால் பூட்டு

துவக்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். வன்னியில் வளர்ந்த எவரையும் போல, கண்ணை மூடிக்கொண்டே எந்த ஆயுதம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. இத்தனை வருடம் சூடுகளுக்குப் பயந்து பதுங்கியவனுக்குச் சுடுகிற சாமானைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மெல்பேர்னில், ட்ருகனினாவில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி என் பள்ளிக்கூடச் சிநேகிதன் இருக்கிறான். அவனுக்கு இடது கண் இல்லை. கடைசிச் சண்டையில் ஒரு ஷெல் துண்டு கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணால்தான் கிடங்கில் பெட்டிகளின் லேபல் வாசித்தான், கார் ஓட்டினான், பிறகு வேட்டையும் ஆடத் தொடங்கினான். லைசென்ஸ் எடுத்து, கிளப்பில் சேர்ந்து, எல்லாம் முறைப்படி. காரணம் மரை, எருமைக்கன்று அளவு நிற்கும் பெரிய மான். விக்டோரியா மலைக்காடுகளில் மரை நிற்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம்.

"எங்களுக்கு முந்தி வந்ததுகள், மச்சான். ஒரு இன்டர்வியூவும் இல்லாமல் விட்டிருக்கிறாங்கள்" என்பான்.

ஒரு சனிக்கிழமை காலை நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் ஒரு படம் காட்டினான். அவன் வாங்கியிருந்த துவக்கு, பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த லீவர் வகை. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கல்யாணப் படம் காட்டுவது போலக் காட்டினான்.

"சாதாரணத் தோட்டா மரைக்குக் காணாது. அதே அளவிலை பலமான தோட்டா ஒண்டு இருக்கு. ஆனா கிளப்பிலை ஒரு கிழட்டு வெள்ளைக்காரன், இந்தத் துவக்கு அதைத் தாங்காது எண்டுறான். நீ எஞ்ஜினியர். நீ சொல்லு."

நான் எஞ்ஜினியர்தான். கட்டடங்களுக்குக் குளிரூட்டிக் குழாய் வரைகிறவன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு எஞ்ஜினியர் என்றால் ஒரே சாதிதான். கொழுப்புக்குப் போடும் குளிசையா, கூரையா, மகளின் பாடத் தெரிவா, எதைக் கேட்டாலும் பதில் சொல்லவேண்டும். தெரியாது என்று சொன்னால், 'அப்ப என்னத்தைப் படிச்சவர்?' என்று அடுத்த பிறந்தநாள் விழாவில் கதைப்பார்கள். 'தெரியாது' என்ற சொல்லை நான் வாயில் எடுத்ததே இல்லை.

"ஒரு கிழமை தா" என்றேன்.

ஒரு கிழமை முழுக்க வீடியோ பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை குசினியிலேயே வகுப்பு எடுத்தேன். தோட்டா வெடிக்கும்போது முன்னுக்கு மட்டும் தள்ளாது, பின்னுக்கும் உதைக்கும். அந்தப் பின்வாசலை எது அடைத்துப் பிடிக்கிறது என்பதில்தான் துவக்கின் பலம் இருக்கிறது. அவனுடையது முழங்கால் வகை. கள்ளன் தள்ளுகிற கதவுக்கு நாங்கள் காலை நீட்டி மிண்டு கொடுப்பது போல, மடங்கியிருந்த இரண்டு இரும்புத் துண்டுகள் நேராகி நின்று அடைக்கும். இன்னொரு வகையில் இரண்டு பக்கமும் தடித்த தாழ்ப்பாள்கள் ஏறும். மூன்றாவது வகையில், திருகிப் பூட்டும் பிரஷர் குக்கர் மூடி போலப் பற்கள் திரும்பிக் குழலோடு கௌவிக்கொள்ளும். குக்கர் மூடிதான் ஆகப் பலம். அடுத்தது தாழ்ப்பாள். முழங்கால் கடைசி.

இதுவரைக்கும் நான் சொன்னது சரி. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப கிழவன் சொன்னது சரியோ?"

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கும், நான் கண்ணால் காணாத ஒரு கிழவன் என் குசினியில் வந்து வெல்வது பிடிக்கவில்லை.

"கிழவன் சொல்லுறது அந்தக் காலத்து இரும்புக்கு. உன்ரை புது உருக்கு. தாங்கும்."

"வடிவாத் தெரியுமோ?"

"டேய், நாங்கள் ஷெல்லையே தாங்கின ஆக்கள்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன உருக்கில் செய்தாலும் முழங்கால் முழங்கால்தான் என்பது பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

அடுத்த நாள் வடக்கே ஒரு பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் அனுமதி தந்திருந்தார். துவக்கைச் சரிபார்க்க வேலிக்கு அப்பால் குறிக்கு ஒரு மட்டையை நட்டான். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பலமான தோட்டாக்களை ஏற்றினான். காதுக்கு மூடி போட்டான். கிளப்பில் கட்டாயமாகப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி கார் டாஷ்போர்டில் கிடந்தது. எடுக்கப் போனான்.

"ஒரு கண்ணுக்கு என்னத்துக்கடா ரெண்டு கண்ணாடி?" என்று பகிடி விட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டான்.

மூன்று வெடி நன்றாகப் போனது. நாலாவதின் சத்தம் எனக்குத் தெரியாத சத்தம். முன்னுக்குப் போகவேண்டியது பின்னுக்கு வந்த சத்தம். துவக்கு புல்லில் விழுந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, கத்தாமல், முழங்காலில் இருந்தான்.

ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட முகத்தோடு, மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்றான். "நீயே சொல்லு. உன்ரை வாயாலை சொல்லு." டொக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பித்தளைத் துகள்களை எடுத்தாயிற்று. கண்ணின் உட்பக்கம் கிழிந்திருக்கிறது. பொறுத்துத்தான் பார்க்கவேண்டும். டொக்டர் வெளியே போனதும் அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"பார்வை வருமோ, மச்சான்?"

ஒரு பகிடி தேடினேன். வழக்கமாக வரிசையில் நிற்கும். ஒன்றும் இல்லை.

"தெரியாது" என்றேன்.

கையால் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தான். பிறகு சொன்னான், "உனக்கு இந்தச் சொல்லும் தெரியுமெண்டு இண்டைக்குத்தானடா எனக்குத் தெரியும்."

பார்வை வரவில்லை. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான். கிடங்கு வேலை போய்விட்டது, காரும் போய்விட்டது. சனிக்கிழமைகளில் நான் அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன். நடைபாதை விளிம்பு வரும்போது சொல்கிறேன். அதைச் சரியாகச் சொல்கிறேன்.

கிளப் கிழவர் ஒருநாள் அவனைப் பார்க்க வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது வாசலில் எனக்குக் கை தந்து, எஞ்ஜினியர் நீங்கள்தானா என்று கேட்டார்.

குளிரூட்டிக் குழாய்களுக்கு மட்டும் என்றேன். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.