எட்டாவது இடம்

அன்று நீரூற்றடியில் இருந்தவர்கள்: குகன் அண்ணை. யோகன். நான். மற்ற ஏழு பேரும் வெண்கலம்.

ஜெர்மனியில் ஒரு நகரம். அகதி முகாமில் எங்கள் மூவருக்கும் ஒரே அறை. வேலை செய்ய அனுமதியில்லை. பின்னேரங்களில் சந்தைச் சதுக்கத்துக்கு நடப்போம்.

இதைக் கிளப்பியது என் மகள். வேலை விஷயமாக அங்கே போனவள், போனில் அந்த நீரூற்றின் படம் அனுப்பினாள். பார்த்ததும் உள்ளங்கையில் அந்த மணம் வந்துவிட்டது. காசை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை மணந்து பாருங்கள். ஈர வெண்கலத்தின் மணம் அதுதான்.

தொட்டியின் கல் விளிம்பில் ஆள் அளவில் சிலைகள் குந்தியிருக்கும். மீன்காரி, தபால்காரன், கைக்குழந்தையோடு ஒருத்தி. முதலில் இருந்த சிலைகளை உலக யுத்தத்தில் பீரங்கிக்கு உருக்கினார்களாம். இவை பிறகு வார்த்தவை. எட்டுப் பேருக்கு இடம், ஏழு சிலைதான். வெறுமையாய் இருந்த இடத்தில் யோகன் குந்துவான்.

ஒருநாள் ஒரு கிழவி கைத்தடியை ஆட்டி அவனை ஏசினாள்.

"கறுப்பங்களெண்டு ஏசுறாவாக்கும்," என்றேன். அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது ரொட்டிக்கும் நன்றிக்கும் உள்ள சொற்கள்தான்.

கொஞ்சம் பாஷை பிடிபட்டிருந்த குகன் அண்ணை கிழவியை விசாரித்தார். "இல்லையடாப்பா. சண்டைக்குப் போய்த் திரும்பி வராத ஆக்களுக்கெண்டு விட்ட இடமாம். அவவின்ர மனுசனும் வரேல்லையாம்."

யோகன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினான். "அப்ப இவ்வளவு நாளும் ஆரோ ஒருத்தற்ற இடத்தில குந்தியிருந்திருக்கிறன். இனி என்னையும் தேடப்போறியள்."

சிரித்தோம். கிழவி சிரிக்கவில்லை.

பனிக்கு முன்னர் நீரூற்றைச் சுற்றிப் பலகை அடித்து மூடிவிடுவார்கள். உறைந்தால் கல் வெடிக்கும். உள்ளே ஏழு பேரும் இருட்டில் இருக்கிறார்கள் என்று நினைப்பு வரும். நான் மற்றப் பக்கத்தால் நடப்பேன்.

பலகை அடித்த பிறகுதான் யோகன், கள்ளமாய் எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டான். கனடா போய் மனைவி செல்வியைக் கூப்பிடுவது அவன் எண்ணம். கழுத்தில், தேவாலயத்தில் இனாமாய்க் கிடைத்த சிவப்பு மஃப்ளர். பஸ் ஏற்றிவிட்டோம். கடிதம் வரவில்லை.

மாசியில், பலகைக்குள் இருமல் கேட்டதாக முகாமில் ஒருவன் சொன்னான். குளிருக்கு மரம் வெடிக்கிறது என்றோம்.

வெயில் வந்து பலகை கழற்றியபோது நாங்களும் நின்றோம். மீன்காரியின் கழுத்தில் சிவப்பு மஃப்ளர். வெறும் இடத்தில் பெட்டி மட்டை விரித்திருந்தது.

"திரும்பி வந்திருக்கிறான்," என்றார் குகன் அண்ணை. "எல்லையில துரத்தியிருப்பாங்கள். பிடிச்சு நாட்டுக்கு அனுப்பிப்போடுவாங்களெண்டு பயத்தில முகாமுக்கு வரேல்லை."

அங்கிருந்து எங்கே போனான்? தெரியாது.

செல்வி பிறகு தமையனின் ஸ்பொன்சரில், நானும் வந்து சேர்ந்திருந்த ரொறன்ரோவுக்கு வந்தாள். இப்போது பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் மகனோடு இருக்கிறாள். யோகன் ஊரை விட்டு வெளிக்கிடும்போது வயிற்றில் இருந்த பிள்ளை அவன். செல்வி திவசம் செய்ததில்லை. பொட்டை அழித்ததில்லை. கேட்டால், "ஒருக்காத் திரும்பி வந்தவர்தானே, அண்ணை," என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சதுக்கத்தைக் கிண்டியபோது நீரூற்றைத் தள்ளி வைத்தார்களாம். குகன் அண்ணையும் உயிரோடில்லை, அந்தக் கிழவியும் இருக்கமாட்டாள். அந்த இடம் ஏன் வெறுமை என்று சொல்ல அங்கே ஆளில்லை போலும். புதிதாய் ஒரு சிலையை இருத்திவிட்டார்கள். ஆண். தலை குனிந்தபடி.

செல்வி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். கனநேரம் பார்த்தாள்.

"உது அவர் இல்லை, அண்ணை. அவற்ற காது இப்பிடி இல்லை."

"ஓம் பிள்ளை."

"எண்டாலும் இருத்திப்போட்டாங்கள்."

தேத்தண்ணி ஆறிவிட்டது. பிறகு கேட்டாள்: "பெடியன் இந்தமுறை ஆடி அமாவாசை பிடிக்கட்டோ?"

தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். ஓம் என்றேன்.

காருக்குள் ஏறி, படத்தில் குந்தியிருந்தவர்களைத் திரும்ப எண்ணினேன்.

எட்டு.