பால்துரை ஈந்த சிறுநீரகம்

மல்லாங்கிணற்றுத் தமிழாசிரியர் பால்துரைக்குப் பெருமைகள் இரண்டு: ஒற்றுப்பிழை செய்ததில்லை, சொன்ன சொல் தவறியதில்லை. இரண்டாவதைச் சோதிக்க அதுவரை எவரும் முன்வரவில்லை என்பதை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை.

1958இல், சிவகாசி அச்சகமொன்றில் வேலை பார்த்த அவர் தம்பி நேசகுமார் முகமும் காலும் வீங்கி வந்து சேர்ந்தான். சிறுநீரகம் பழுது என்றார் உள்ளூர் டாக்டர். அமெரிக்காவில் ஒருவர் தம் சிறுநீரகம் ஒன்றைச் சகோதரனுக்கு அளித்துப் பிழைக்கவைத்த செய்தியைப் பால்துரை பத்திரிகையில் படித்திருந்தார். பலவேசத்தின் டீக்கடையில் எழுந்து நின்று, "என் சிறுநீரகத்தைத் தம்பிக்கு ஈவேன்!" என்று முழங்கினார்.

பலவேசம் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "நல்ல காரியம் சார். ஆனா மூத்திரக் கொட்டகையைத் தம்பிக்கு மட்டும் எதுக்குக் கட்டுதீக? பஸ் நிக்கிற இடத்துல கட்டுனா ஊருக்கே ஆகுமில்ல?"

"அகம் என்றால் கட்டடமன்று ஐயா, உடலுறுப்பு!"

"வெளங்கும்படியா சொல்லுங்க."

எந்தக் கொச்சைச் சொல்லைச் சொன்னதற்காகப் பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றினாரோ, அதையே அவர் சொல்ல நேர்ந்தது: "குண்டிக்காய்!"

"யாத்தே! தன் குண்டிக்காயவே அறுத்துக் குடுக்காகளா!"

மாலைக்குள் ஊரே அவரைக் கும்பிட்டது. கும்பிடு ஏற ஏற, விலாவில் வலியும் ஏறியது. மதுரைக்குப் பஸ் ஏறியபோது நோயாளி யாரென்று நடத்துநருக்கே ஐயம்.

பெரிய டாக்டர் கேட்டார்: "நீங்க ரெட்டைப் பிள்ளைகளா?"

"இல்லை ஐயா. நான் நான்காண்டு மூத்தவன்."

"அப்போ பயனில்லை. ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணை வச்சு வாழலாம், வாஸ்தவம். ஆனா ஒரே அச்சான ரெட்டையர் தவிர, அடுத்தவர் உறுப்பை உடம்பு விரட்டிடும். நம்ம நாட்டுல இன்னும் இதைச் செய்யவும் இல்லை."

செய்தியில் 'இரட்டைச் சகோதரர்' என்றே இருந்தது பால்துரைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடைமொழியை விடாதே என்று ஆயுள் முழுதும் பிறரை அதட்டியவர், அதையே விட்டிருந்தார். வெட்கத்துக்கு முன்பே நிம்மதிச் சிரிப்பு வெளிப்பட்டுவிட்டது.

"அண்ணே, சிரிக்கீகளா?" என்றான் தம்பி.

"மருந்து, ஓய்வு. உப்பு கூடவே கூடாது. வீக்கம் வடிஞ்சா பிழைச்சுக்குவார்" என்றார் டாக்டர்.

வீட்டில், செத்தாலும் உப்பில்லாக் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று தட்டைத் தள்ளினான் நேசகுமார். பால்துரை தம் ஊறுகாயை ஒதுக்கிவிட்டு, அதே கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினார். முழங்காமல் அவர் செய்த முதல் தானம் அது. தம்பியும் குடித்தான். நாளடைவில் வீக்கம் வடிந்தது. உப்புத் தடை மட்டும் வடியவில்லை.

"ஏண்ணே, குண்டிக்காயைக் குடுத்திருந்தா ஒரே நாளோட உங்க கஷ்டம் தீந்திருக்குமில்ல?"

"சிறுநீரகம்" என்று திருத்தினார் பால்துரை, கஞ்சியை விழுங்கிவிட்டு.