அப்பாவின் தொப்பி இண்டிகேட்டர்

நரின் என்ற எங்கள் மலையூரில் அப்பா சகின்பாயின் பிக்கப் வண்டியில் பின்பக்க இடது இண்டிகேட்டர் பதினோரு வருடம் எரியவில்லை. திரும்பும்போது தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டுவார்.

அவர் இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு, மலை மேய்ச்சல் நிலத்துக்கு, அவர் பிக்கப்பை ஓட்டிப்போன என்னை ஏழு வண்டிகள் தொடர்ந்தன. இடதுபுறம் பிரியும் பாதையை யாரும் தவறவிடக் கூடாதென்று காலையிலேயே இரண்டு திருகுகளைக் கழற்றிப் புது பல்ப் போட்டிருந்தேன்.

பிரிவில் இண்டிகேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தேன். ஏழு வண்டிகளும் என்னைத் தாண்டி நேரே போய் நின்றன. கடைசி வண்டியிலிருந்து மம்பெத்குல் மாமா தலையை நீட்டினார்.

“என்னம்மா, வயர் எரியுதா?”

“இண்டிகேட்டர் மாமா. இடது பக்கம் திரும்பணும்.”

“உங்கப்பன் வண்டியில லைட்டை எவன் பார்ப்பான்? தொப்பி எங்க?”

பக்கத்து இருக்கையில் இருந்தது. நீட்டி ஆட்டினேன். ஏழு வண்டிகளும் ஹாரன் அடித்தபடி ரிவர்ஸில் வந்தன. நான் சிரித்த சிரிப்பில் தொப்பி கையிலிருந்து நழுவப் பார்த்தது.