ஹாரன் விழுந்த பாட்டு

என் முதல் கேசட்டில் நான்கு மொழி. தமிழ், தெலுங்கு, இந்தி, ஸ்பானிஷ். எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். அதுவும் ஐந்தாம் வகுப்போடு சரி.

தெலுங்கும் இந்தியும் திருவிழா மேடைகளில் காதால் பிடித்தது. ஸ்பானிஷ் என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. அவருக்குக் கப்பலில் சமையல் வேலை. தென் அமெரிக்கத் துறைமுகங்களில் கேட்ட தாளத்தையும் ஒரு கிதாரையும் எங்கள் கருணாபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே கிலுகிலுப்பை மாதிரி ஒரு ஜோடி. மராக்காஸ் என்றார். "கொயந்த பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கியாந்துட்டியா?" என்று தெருவே சிரித்தது.

மெட்டு அவர். தமிழ்ச் சொல் நான். ஸ்பானிஷ் சொல்லை அவர் சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏற்றிக்கொண்டேன்.

அதுவரை நான் ஆர்கெஸ்ட்ராவில் கோரஸ். பின்வரிசை. தனியாகப் பாடுகிறேன் என்று கேட்டதற்கு ஆர்கெஸ்ட்ரா முதலாளி சொன்னார்: "உன் கொரலு ஒண்டியா நிக்காதும்மா." கேசட் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பதிவுக்கு இடம், மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன் கடை. மெயின் ரோட்டு மேலே. அவரே தும்பா மேளமும் அடிப்பார். சுவரெல்லாம் கோணியும் பந்தல் துணியும் கட்டினோம். இருந்தது ஒரே மைக். நான் பக்கத்தில், கிதார் ஓர் எட்டு தள்ளி, தும்பா கதவோரம். அவரவர் நிற்கும் தூரம்தான் சத்தத்தின் அளவு. ஒருவர் தவறினாலும் பாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

நாங்கள் தவறவில்லை. பஸ்ஸும் தவறவில்லை. நல்ல வரி வரும்போதெல்லாம் வெளியே ஒரு ஹாரன். ராத்திரியில் லாரி. தெருவுக்குள் போகலாம் என்றால் அங்கே கரண்ட் நிற்காது.

இதற்குள் கப்பலில் இருந்து தந்தி வந்துவிட்டது. அவர் பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அவர் போனால் கிதார் போச்சு. திரும்பி வர வருஷம் ஆகும். கேசட் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. லாரி இல்லை. மற்ற ஊர்களில் கெட்டதெல்லாம் நடந்தது. எங்களுக்கும் பயம் இருந்தது. ஆனால் அன்று காலை கடைவாசலில் நின்ற அண்ணன் மெதுவாகச் சொன்னார், "இன்னா அமைதி பாருமா. காக்கா றெக்கை அடிக்கறது கேக்குது."

உள்ளே ஓடினோம். கதவைச் சாத்திப் பாட்டுப் பாட்டாக எடுத்தோம். பிசிறில்லை. ஸ்பானிஷ் பாட்டு ஒரே மூச்சில் வந்தது. என் குரல் ஒண்டியாக நின்றது.

இரண்டு பாட்டு மீதி இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மறியல்காரர்கள்.

"அண்ணே, கொழா ஸ்பீக்கர் கட்டணும். செட்டைக் குடுங்க."

செட்டைக் கொடுத்தால் பதிவு இல்லை. கொடுக்காவிட்டால் கடை இருக்குமா தெரியாது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பாட்டு பாக்கி இருக்குதுங்க. முடிச்சிட்டு எடுத்துக்கினு போங்க" என்றேன்.

"மறியல்ல பாட்டு கேக்குதா உங்களுக்கு?"

"நீங்க மறிச்சதாலதாங்க பாடவே முடியுது."

முன்னால் நின்ற மீசைக்காரர் சிரித்துவிட்டார். "நம்ம மறியல்ல ஒருத்தருக்காவது லாபம்டா" என்று உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அவர்களுக்குக் கைதட்டச் சொல்லிக்கொடுத்தார். கப்பலில் போய் அவர் கேட்டுவந்த தாளம் நொண்டி நொண்டிப் போகும். அவர்கள் கைக்கு அது வரவில்லை. எங்கள் பக்கத்துக் கும்மிக்குத் தட்டுவது போலவே தட்டினார்கள்.

"யோவ், அங்க தட்டக்கூடாது."

"பின்ன எங்கய்யா தட்டறது? தாளம்னா அங்கதான் வுழுவும்."

அவர் யோசித்தார். கிதாரை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் கைத்தட்டுக்கு ஏற்றபடி நடையை மாற்றி வாசித்ததும் தும்பா துள்ளியது. நான் மராக்காஸைக் குலுக்கிக்கொண்டே பாடினேன். கேசட்டிலேயே நல்ல பாட்டு அதுதான்.

கடைசிப் பாட்டு தமிழ். கப்பலுக்குப் போகிறவனைப் பற்றி நான் எழுதியது. முடியப்போகும் நேரத்தில் தூரத்தில் ஹாரன் கேட்டது. எங்களுக்குத் தெரியாமலே மறியல் முடிந்திருக்கிறது. மரத்தை இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் கை சுவிட்சுக்குப் போனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பாட்டை நிறுத்தவில்லை. பஸ் வாசலைத் தாண்டும்போது நீளமாக அடித்தது. என் கடைசி வரியும் அதுவும் ஒன்றாக முடிந்தன. மீசைக்காரர் விசிலடித்தார். அதுவும் பதிவாகிவிட்டது.

"இன்னொரு தபா எடுக்கலாமா?" என்றார் அண்ணன்.

"வேணாண்ணே. இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் அடுத்த பஸ்ஸில் கிளம்பினார். மராக்காஸை என்னிடம் விட்டுப் போனார்.

கேசட் டீக்கடைகளில் ஓடியது. மலைமேல் கரியாலூர் சந்தையில்கூடக் கேட்டதாகச் சொன்னார்கள். அடுத்த திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா முதலாளியே என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டார். கேசட்டின் கடைசிப் பாட்டைப் பாடி முடிக்கப் போனேன். கூட்டம் விடவில்லை.

"ஆரன் எங்க? ஆரன் எங்க?"

முதலாளி விழித்தார். மைக்செட் அண்ணன் மேடையிலிருந்து இறங்கி ஓடி, ஐஸ் வண்டிக்காரரின் ரப்பர் ஹாரனை வாங்கி வந்து முதலாளி கையில் கொடுத்தார்.

நான் பாடினேன். முதலாளி அடித்தார்.