சலீம் செய்த பத்து கிராம் அடுப்பு

செய்தி வந்தபோது நான் நம் ஷூ கம்பெனியில் தீயணைப்பு சிலிண்டர்களை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நம் மலையேறும் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. "நம்ம சலீம் பாய் மவுத்தாய்ட்டாரு. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." காலையில் பள்ளிவாசலிலிருந்து வந்து, நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். நான் அடுத்த சிலிண்டரைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். எதில் முள் எங்கே நின்றது என்று கேட்டால் தெரியாது. பிறகு அவன் வீட்டுக்குப் போக ஆம்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதோடு விடமாட்டேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் ரூமில் சலீமுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. நான் பேட்டர்ன் வெட்டுகிறவன், கம்பெனியின் தீயணைப்புப் பொறுப்பும் என் தலையில்தான். அவன் தோலின் ஓரத்தைச் சீவுகிறவன். மடித்துத் தைக்கிற இடத்தில் தோல் தடிமனாக இருந்தால் ஷூ காலைக் கடிக்கும். அதனால் ஓரத்தை முதலில் மெலிசாக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதையே செய்து அந்த வேலை அவன் புத்தியிலும் ஏறிவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும், "இதுல இன்னும் கம்மி பண்ணலாம்டா" என்பான். முதல் தடவை ஏலகிரிக்கு நடந்தே ஏறியபோது நான் கேஸ் அடுப்பும் அலுமினியக் குண்டானும் சுமந்து வந்தேன். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடா கொமாரு, மேல கல்யாணமா? எத்தினி பேருக்குச் சமையல்?" என்று சிரித்தான்.

அடுத்த மாதமே அடுப்போடு வந்தான். இரண்டு கூல்டிரிங்க்ஸ் டப்பாக்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளை போட்டிருந்தான். துளைகளுக்கு நடுவே இடைவெளி அச்சடித்தது போல இருந்தது. எப்படி என்று கேட்டேன். ஷூவில் தையல் விழும் இடத்தைக் குறிக்கப் பல்சக்கரம் ஓட்டுவோமே, அதை டப்பாவின் மேல் ஓட்டியிருக்கிறான். நடுவில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால், சூடேறியதும் ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாக நீலச் சுடர் வரும். ஷூ நிறுக்கும் தராசில் வைத்தோம். பத்து கிராம். "ஒரு ஜோடி லேஸ் வெயிட்டுதான்டா" என்று சாம்பிள் ரூம் முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தான். அன்று அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்குச் சின்ன டப்பா போதாது. பெரிய பீர் டப்பாதான் சரியான அளவு. ஐந்து வேளை தொழுகிற மனிதன் பீர் டப்பாவுக்கு எங்கே போவான்? ஏலகிரியில் சுற்றுலாக்காரர்கள் வீசிப்போனதைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்தான். தெருமுனையில் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா சலீம், சாக்குல இன்னா சத்தம்?" இவன் ஒளிக்கவே இல்லை. "ஹராம் உள்ள இருந்துச்சு ஹஜ்ரத், அத எவனோ குடிச்சிட்டுப் போய்ட்டான். என் கையில இருக்கறது வெறும் அலுமினியம்." பெரியவர் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் நன்றாகக் கழுவச் சொன்னாராம். உங்களில் பாதிப்பேர் அந்தப் பாத்திரத்தில் டீ குடித்தவர்கள்தான்.

பிறகு நம் குழுவில் எல்லாருக்கும் ஆளுக்கொரு அடுப்பு செய்து கொடுத்தான். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே பாடத்தை ஒப்பிப்பான். "பகல்ல இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைஞ்சிச்சான்னு கண்ண நம்பாத, கைய மேல காட்டிப் பாரு. ஆறாம ஒரு சொட்டு ஊத்தாத." எனக்கு மட்டும் இருபது தடவை சொல்லியிருப்பான். "டேய், கம்பெனிக்கே தீயணைப்புப் பாடம் நடத்துறவன்கிட்டயா?" என்பேன். அந்தத் திமிர் எனக்கு ஜாஸ்தி.

இனி நான் சொல்ல வேண்டியது.

ஜவ்வாது மலையில் அன்று உச்சிவெயில். நீங்கள் எல்லாரும் ஓடைக்குப் போயிருந்தீர்கள். சலீமும் தண்ணீர் பிடிக்க உங்களோடு போயிருந்தான். நான் ஒருவன்தான் அடுப்பண்டையில். தண்ணீர் கொதிக்கிற வழியாக இல்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. குனிந்து பார்த்தேன், தீ தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தீ குப்பென்று பாட்டிலுக்கு ஏறி, என் வலது கையைப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் சலீம்தான் முதலில் ஓடிவந்தான். ஈரத் துண்டைச் சுற்றி அமுக்கிவிட்டு, "இன்னாடா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று பதறினான். பின்னால் நீங்கள் எல்லாரும் நின்றீர்கள். வருஷா வருஷம் கையில் சிலிண்டரோடு உங்களை வரிசையில் நிறுத்திக் கத்துகிறவன் நான். எரிகிற அடுப்பில் ஸ்பிரிட் ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வேன்?

"அடுப்பு லீக்குடா. ஒழுகிப் பிடிச்சிக்கிச்சி" என்றேன்.

பொய். அப்பட்டமான பொய். சலீம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. "என் தப்புடா, தோஸ்த்" என்றான், முகம் வெளுத்துப்போய். அந்த வாரமே வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று வீடு வீடாக அலைந்து, கொடுத்த அடுப்புகளையெல்லாம் திரும்ப வாங்கினான். உங்களில் இரண்டு பேர் அவனைக் கேலிகூடச் செய்தீர்கள். பெங்களூரில் மலையேற்றச் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் அவன் அடுப்புக்காக நடையாய் நடந்தார். "தோஸ்தச் சுட்ட அடுப்ப ஊரான் கையில எப்படிக் குடுப்பேன்?" என்று அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஒரு டப்பாவையும் வெட்டவில்லை.

வெட்டவில்லையே தவிர, விடவில்லை. சாப்பாட்டு வேளையில் பேச்சு வேறு எங்கே போனாலும் அங்கேயே வந்து நிற்பான். "தண்ணி ஊத்திப் பாத்தேன்டா, ஒழுகல. ஆனா தண்ணிக்குத் தெரியாத ஓட்டை ஸ்பிரிட்டுக்குத் தெரியும்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருக்கும், இருக்கும்" என்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் இதையே சொன்னேன். நானும் மனுஷன்தானா?

ஒரே ஒரு நாள், டீக்கடையில், வாயைத் திறந்தேன். "சலீம், அன்னிக்கு மலையில..." அவன் கையமர்த்தினான். "விட்றா. கை ஆறிடுச்சில்ல? அது போதும் எனக்கு." எனக்கு அப்பாடா என்றிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயை ஊதிக் குடித்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று அவன் மவுத்தாகும்வரை தள்ளிவிட்டேன். அடக்கத்தன்று குழியில் மூன்று பிடி மண் போட்டபோதுகூட வாயில் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஷாஹிதா பாபி, கேட்காமலே உள்ளே போய், என் கையைச் சுட்ட அந்த அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். அடுப்பு முழுக்கச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கம்பெனியில் ஷூவில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, அதே ஸ்டிக்கர். சந்தேகப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒன்று ஒட்டி, சோதித்துப் பார்த்ததும் அதன்மேல் பேனாவால் கோடு கிழித்திருந்தான். கோடு விழாத அம்பு ஒன்றுகூட இல்லை.

"தெனம் சாயங்காலம் இதேதான் அண்ணா" என்றார் பாபி. "தண்ணியில முக்குவாரு, வெயில்ல தூக்கிப் பாப்பாரு. கொமாரு கை போயிருந்தா நான் இன்னா பதில் சொல்வேன்னு கேப்பாரு. நீங்க பாருங்க, உங்க கண்ணுக்காச்சும் தெரியுதா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அடுப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இதுல ஓட்டையே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல பாபி."

"அல்லாவே! இத அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பாரே அண்ணா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கோபம் அப்போதுதான் வந்தது. "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? யாரு யாரு திருப்பிக் குடுத்தாங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். உங்கள் அடுப்புகள் எல்லாம் அவன் வீட்டுப் பரணில் ஒரு சாக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறான். போய் எடுத்துக்கொள்ளுங்கள், தைரியமாகப் பற்றவையுங்கள், கையை மேலே காட்டிப் பாருங்கள். என்னை ஏச வேண்டுமென்றால் என் வீடும் உங்களுக்குத் தெரியும்.

அம்பு ஒட்டிய அடுப்பை எனக்குத் தருவீர்களா என்று பாபியிடம் கேட்டேன். "நல்ல அடுப்பு அண்ணா. நானே வெச்சிக்கிறேன்" என்றார். ஆகவே சலீமின் நினைவாக என்னிடம் இருப்பது வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடுகிற தழும்பு ஒன்றுதான். நேற்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபோது கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் கையில?" என்று கேட்டார். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். "எரியற அடுப்புல ஸ்பிரிட் ஊத்தினேன்."

"அறிவு வேணாவா சார்?" என்றார்.

அந்த ஏச்சை நான் சலீமின் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.