மீதி மூன்று மூலை

நான் படித்த டிசைன் கல்லூரியில் ஓர் அலமாரி இருக்கிறது. அகலமான, தட்டையான இழுப்பறைகள். ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. முந்தைய ஆண்டுகளில் பரிசு வாங்கிய மாணவர்களின் ப்ளக்காட்டுகள், அதாவது சுவரொட்டிகள், அவற்றுக்குள் கிடக்கும். யாரும் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கலாம் என்ன, பார்த்தே ஆக வேண்டும். நல்லதென்று தோன்றுகிற சிலவற்றைப் பொறுக்கி, ஏன் நல்லது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். பிறகு அந்த உற்சாகம் ஆறுவதற்குள் சொந்தமாக ஒன்று வரைய வேண்டும். மேற்கு ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பேராசிரியர் இதைச் சொன்னபோது, அடுத்தவன் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னது போல எனக்குக் கை கூசியது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் விளங்கும். என் அண்ணன் ஏகாம்பரம் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். கட்டம் போட்ட காகிதத்தில் அவருக்குக் கரையும் முந்தானையும் வரைந்து கொடுத்தவன் நான். தறியில் புது டிசைன் ஏறியிருக்கும்போது யாராவது வாசலில் தலை நீட்டினால் போதும், அண்ணன் தோள் துண்டை எடுத்து நெய்த பாகத்தின் மேல் போட்டுவிடுவார். "வாபா, பெருமாள் கோயில்ல இன்னா கூட்டமா?" என்று பேச்சை மாற்றுவார். என்னிடமும் சொல்லிக்கொண்டே இருப்பார்: "அடுத்தவன் டிசைனப் பாத்துக்கினு நிக்காதடா. அப்பறம் கை தானா அதையே போடும்." படித்து முடித்துத் திரும்பி வந்து, ஊரில் யாரும் காணாத டிசைன்களை அவர் தறிக்குப் போட்டுத் தருவேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். அந்த ஒரு ஆசைதான் எனக்கு.

முதலில் கையில் வந்த ப்ளக்காட், தாள் முழுக்கச் சிவப்பு. ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்ததில் ஒரே ஓர் எழுத்து, அதுவும் பாதி வெட்டுப்பட்டது. இதற்கெல்லாமா பரிசு? பட்டைத் திருப்பிப் பார்த்தால் நெய்தவன் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். யோசிக்காமல் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு பெயர், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஜெர்மானியப் பையன் சிரித்துக்கொண்டே, "பின்னால் ஒன்றும் இல்லை" என்றான். "முன்னாலும் ஒன்றும் இல்லையே" என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தான். நான் பேசியதிலேயே முழு உண்மை அதுதான்.

ஒரு கச்சேரிக்கு ப்ளக்காட் போட வேண்டும் என்பது எனக்கு வந்த வேலை. பெரிய தாளின் இடது கீழ் மூலையில் ஓர் அன்னப்பட்சியைப் போட்டேன். நம் தொழிலில் ஒரு பங்கு வரைந்தால் போதும். தறிக்காக டிசைனை அட்டையில் ஓட்டை குத்திக் கொடுக்கிறவர் அதையே வரிசையாகக் கொண்டுபோய்விடுவார். இங்கே அச்சகத்தில் அப்படிச் செய்துகொள்வார்கள் என்று நினைத்து அப்படியே கொடுத்துவிட்டேன். பேராசிரியர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "இசைக்கு முந்திய மௌனம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, இது முடியவில்லை. மீதி மூன்று மூலைக்கும் பறவை வரும்" என்றேன். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு வகுப்பைப் பார்த்து, "கேட்டீர்களா? வருமாம்! இன்னும் வரவில்லை!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த வருஷத்துப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. அறைக்கு வந்து அழுதேன். நான் வரைந்தது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை.

கோடை விடுமுறையில் அதன் ஒரு பிரதியோடு ஊருக்குப் போனேன். அண்ணன் வாங்கியதும் பின்பக்கம் திருப்பினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு முன்பக்கம் பார்த்துவிட்டு, "மீதி எங்கடா?" என்றார். என் மனைவி திலகம் எட்டிப் பார்த்து, "பாவம், அங்க மை தீந்துபோச்சோ இன்னாவோ" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அன்று மத்தியானமே உட்கார்ந்து மீதி மூன்று மூலைக்கும் அன்னம் போட்டு, நடுவே கொடி ஓடவிட்டு, சுற்றிக் கரை கட்டி முடித்தேன்.

"இப்பதாண்டா நல்லாருக்குது. மொதல் பொடவ திலகத்துக்குத்தான்" என்றார் அண்ணன். திலகத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் காகிதத்தைப் பார்த்தேன். கண் வைக்க இடமில்லை. எவ்வளவு பறவைகள்! மூன்றை அழித்துவிட மாட்டோமா என்று விரல் துடித்தது. ஊருக்கு வந்தால் என் பழைய கண் கிடைத்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். அது கிடைக்கவில்லை. "நல்லாருக்குதுண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு வேறு டிசைன் கேட்டார். காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்வேன். ஒரு மூலையில் ஒன்று வரும். அதோடு கை நின்றுவிடும். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். தறி காத்திருந்தது. "சரி விடுபா, வேற ஆள வெச்சிப் போட்டுக்கறேன். நீ உன் படிப்பப் பாரு" என்றார் ஒரு நாள். அண்ணன் என்னை 'டா' போடாமல் பேசியது அன்றைக்குத்தான். கோபித்திருந்தால் கூடத் தேவலை.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. அந்த ஒற்றைப் பறவையைப் பார்த்துத்தான் ஜெர்மனியிலேயே ஒரு விளம்பர அலுவலகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இதே போல நிறைய வெற்றிடம் விட்டு வரையச் சொல்கிறார்கள். விடுகிறேன். எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் திலகம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஸ்டூடியோ திரைக்கு முன்னால், அண்ணன் நெய்த அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, முந்தானை முழுக்கத் தெரியும்படி விரித்துப் பிடித்து நிற்கிறாள். மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் போய் நிற்கிறேன். புடவையின் பறவைக் கூட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அவள் முகத்தை மட்டும் பார்க்கிறேன்.